மூலம் என்று நினைத்தது மூலமல்ல: இடுப்புக்குள் ஒளிந்திருக்கும் பிறவிக் கட்டி



சில நோய்களை நம்மவர்கள் தாராளமாக வாய் திறந்து சொல்வார்கள். காய்ச்சல், இருமல், முட்டிவலி என்றால் பெரட்டு நேரத்திலேயே பேச்சு அடிபடும். ஆனால் உட்காரும் இடத்தில் வலி, மலம் கழிக்கக் கஷ்டம், வால் எலும்புப் பக்கத்தில் சீழ்க்கட்டி என்றால் மட்டும் யாரும் மூச்சு விட மாட்டார்கள். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. மிஞ்சிப் போனால், "மூலச்சூடு, வேறென்ன?" என்று துத்தி இலையை வதக்கிக் கட்டுவதும், மோர் குடிப்பதும், கடையில் களிம்பு வாங்கித் தடவுவதுமாகக் காலம் ஓடும்.

பெரும்பாலும் அது மூலம்தான். இல்லாவிட்டால் ஆசனவாய் வெடிப்பாகவோ பவுத்திரமாகவோ இருக்கும். இவை எங்கும் காணப்படுகிற நோய்கள், வைத்தியமும் உண்டு. ஆனால் எத்தனை வைத்தியம் பார்த்தாலும் அதே இடத்தில் அதே தொல்லை திரும்பத் திரும்ப வருகிறதென்றால், டாக்டர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஓர் அபூர்வமான காரணம் இருக்கிறது. மலக்குடலுக்குப் பின்னால், வால் எலும்புக்கு முன்னால், நாம் பிறக்கும்போதே நம்மோடு வந்து குடியிருக்கும் நீர்க்கட்டி அது. அந்தக் கட்டியைப் பற்றியும், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக அதை எடுக்கும் சாவித்துவார அறுவை சிகிச்சையைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, உட்கார்ந்தால் வலிக்கிற ஒவ்வொருவரும் தனக்கு இந்தக் கட்டிதான் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் 1960 முதல் 1979 வரை இருபது ஆண்டுகளில் அந்த இடத்தில் கட்டி என்று சிகிச்சை பெற்றவர்கள் மொத்தம் 120 பேர்தான். அதுவும் பிறவிக் கட்டி, மற்றக் கட்டி, புற்றுநோய் எல்லாம் சேர்த்து. அவ்வளவு அபூர்வம். அப்படியானால் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். அபூர்வமாக இருப்பதால்தான் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. பவுத்திரம் என்று இரண்டு முறை, சீழ்க்கட்டி என்று மூன்று முறை கத்தி வைத்த பிறகே உண்மை தெரிய வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல நாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வீண் கஷ்டம் நம் குடும்பங்களில் ஒருவருக்கும் வரக்கூடாது.

சரி, இந்தக் கட்டி எப்படி உண்டாகிறது?

தாயின் கர்ப்பத்தில் கரு உருவாகி ஐந்தாவது வாரத்தில் அதற்குச் சின்னதாக ஒரு வால் இருக்கும். சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் எனக்கும் அந்த வால் இருந்தது. கருவின் குடல் அந்த வாலுக்குள்ளும் கொஞ்சம் நீண்டிருக்கும். எட்டாவது வாரத்துக்குள் வால் சுருங்கி மறைந்துபோகும். அதற்குள் இருந்த குடல் துண்டும் கரைந்துவிடும். யாரோ ஒருவருக்கு மட்டும் அந்தத் துண்டு முழுதாகக் கரையாமல் துளி மிச்சம் நின்றுவிடுகிறது. அந்த மிச்சமே பின்னாளில் பையாகி, உள்ளே சளி போன்ற நீர் சுரந்து, கட்டியாக வளர்கிறது. இதை டாக்டர்கள் வால்குடல் கட்டி என்று சொல்வார்கள். இன்னொரு வகையில், கருவின் முதுகுப் புறம் மூடிக்கொள்ளும்போது மேல் தோலின் ஒரு சிறு துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். அதுவும் தோல் செய்யும் வேலையைத்தான் செய்யும். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்து உள்ளேயே சேரும். சில கட்டிகளில் மயிர்கூட இருக்கும். இதற்குத் தோல்கட்டி என்று பெயர்.

ஆகவே நன்றாகக் கவனியுங்கள். தோளில் காண்டா சுமந்ததால் வந்ததல்ல இது. செம்பனைக் குலை தூக்கியதால் வந்ததல்ல. டிராக்டரில் குலுங்கிக் குலுங்கிப் போனதாலோ, சூடான சாப்பாட்டாலோ, பிரசவத்தில் பத்தியம் தவறியதாலோ வந்ததுமல்ல. யாரும் வைத்த செய்வினையும் அல்ல. "நீ எதையோ செய்துதான் இதை வரவழைத்துக்கொண்டாய்" என்று மனைவியையோ மகளையோ குறை சொல்லுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டாந்தரம் படிக்கட்டும். அவள் பிறக்கும் முன்பே, தாயின் வயிற்றில் இரண்டு மாதக் கருவாக இருந்தபோது நடந்த சங்கதி இது.

பிறவியிலேயே இருந்தால் ஏன் முப்பது நாற்பது வயது வரை தெரிவதில்லை? இடம் அப்படி. நம் இடுப்பு எலும்புகள் சேர்ந்து ஒரு புனல் போல இருக்கின்றன. மேலே அகலம், கீழே குறுகல். அந்தப் புனலுக்குள் முன்னால் மூத்திரப்பை, பெண்களுக்கு நடுவில் கர்ப்பப்பை, அதன் பின்னால் மலக்குடல், எல்லாவற்றுக்கும் பின்னால் திரிக எலும்பும் வால் எலும்பும். மலக்குடலுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் கட்டி உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தட்டுப்படாது. முதுகைத் தடவிப் பார்த்தாலும் எலும்பு மறைத்துவிடும். கட்டியும் அவசரப்படாமல் மெல்ல மெல்ல வளரும். 1988-ல் அமெரிக்க நோய்க்கூறு நிபுணர்கள் இருவர் இப்படிப்பட்ட 53 வால்குடல் கட்டிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களில் பெண்களே அதிகம். பலருக்கு எந்தத் தொல்லையுமே இல்லை. வேறு எதற்கோ சோதித்தபோது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

தொல்லை தர ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? மலக்குடலை முன்பக்கம் நெருக்குவதால் மலச்சிக்கல் வரும். முழுதாகப் போகாதது போல ஒரு உணர்வு எப்போதும் இருக்கும். மலம் ரிப்பன் போலத் தட்டையாகப் போவதாகச் சிலர் சொல்வார்கள். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்தால் வால் எலும்பில் மந்தமான வலி, நின்றால் கொஞ்சம் குறைவது. மூத்திரப்பையை நெருக்கினால் அடிக்கடி மூத்திரம் போக வேண்டும் போலிருக்கும். நரம்பை அழுத்தினால் காலிலோ பிட்டத்திலோ மரத்துப்போவது. கட்டி சீழ் பிடித்துவிட்டால் குளிர் காய்ச்சல், கடும் வலி, பிறகு ஆசனவாய் அருகே உடைந்து ஒழுகுவது. இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். ஆசனவாய்க்குப் பின்னால் ஒரு வீக்கம். "சூட்டுக் கொப்புளம்டி, மஞ்சளைக் குழைச்சுப் பத்துப் போடு" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு வாரத்தில் உடைகிறது. வலி தீர்ந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே இடத்தில். இந்த முறை கிளினிக்கில் கீறிச் சீழ் எடுத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆறுகிறது. அடுத்த வருஷம் மறுபடியும். இப்போது பவுத்திரம் என்கிறார்கள். இந்தக் கதை எங்கே தவறுகிறது என்று ஒரு பால்வெட்டுக்காரருக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. கோப்பையில் சேர்ந்த பாலை ஊற்றிவிட்டால் கோப்பை காலியாகும். ஆனால் மரத்தின் பட்டை இருக்கும் வரை பால் மறுபடியும் சுரக்கும். கட்டிக்கு உள்ளிருக்கும் நீர்தான் கோப்பைப் பால். கட்டியின் சுவர்தான் பட்டை. நீரை வெளியேற்றினால் போதாது, சுவரை முழுதாக எடுக்க வேண்டும். லாலாங் புல்லைக் கத்தியால் மேலாக வெட்டிவிட்டு, ஏன் மறுபடியும் முளைக்குது என்று கேட்கலாமா?

"தொல்லை இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாமே, ஐயா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான நிபுணர்கள், உடம்பு தாங்குமானால் எடுத்துவிடுவதே நல்லது என்று சொல்கிறார்கள். என்றாவது சீழ் பிடிக்கலாம். சீழ் பிடித்த பிறகு எடுப்பது கஷ்டம். பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் பெரிய கட்டி குழந்தை வரும் வழியை அடைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிலருக்கு அந்தக் கட்டியின் சுவரில் புற்றுநோய் தோன்றியிருக்கிறது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இனிக் கண்டுபிடிக்கும் வழி. இதற்கு முதல் கருவி கோடி வெள்ளி இயந்திரம் அல்ல. டாக்டரின் ஒரு விரல். கையுறை போட்டு, வழவழப்பான களிம்பு தடவி, ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பின்பக்கச் சுவரை அழுத்திப் பார்த்தால், இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை தட்டுப்பட்டுவிடும். அரை நிமிஷ வேலை. நம் ஆட்கள் தப்பித்து ஓடுவது இந்த அரை நிமிஷத்திலிருந்துதான். டாக்டர் "பார்க்கணும்" என்றதும், "வேணாம் டாக்டர், மாத்திரை மட்டும் குடுங்க" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். தாய்மார்களே, பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆண் டாக்டராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நிற்க வேண்டும் என்று கேளுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டால் மேலே துணி போட்டு மூடிவிடுவார்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டால் வலி தெரியாது.

கிளினிக்கில் விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "பொச்சுல வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் மூலத்துக்கு மருந்து எழுதுவார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷமாக இருக்கிறது, எத்தனை முறை சீழ் வைத்தது, எத்தனை முறை கீறினார்கள், எந்த ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு முறையும் அதே இடமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அரிசி டின்னுக்கு அடியில் பத்திரப்படுத்தி வைக்கும் பழக்கம் நம் பாட்டிகளுக்கு இருந்தது. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

விரலுக்குத் தட்டுப்பட்டால் அடுத்தது எம்.ஆர்.ஐ. படம். கட்டி எந்த எலும்பு மட்டத்தில் இருக்கிறது, மலக்குடலோடு ஒட்டியிருக்கிறதா, நரம்போடு தொடர்பு உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கட்டிதானே, ஊசியால் குத்தி நீரை எடுத்துப் பார்த்தால் என்ன என்று நினைக்கலாம். அது கூடாது என்பதே நிபுணர்களின் பொதுவான கருத்து. மலக்குடல் வழியாகக் குத்தினால் சுத்தமாக இருக்கும் கட்டிக்குள் கிருமியை நாமே கொண்டுபோய் விட்டதாகும். அதைவிட ஆபத்து, அங்கே நீர்க்கட்டி போலத் தோன்றுவது சில சமயம் முதுகுத்தண்டின் உறையே பிதுங்கி வந்திருப்பதாகவும் இருக்கலாம். அதைக் குத்தினால் மூளைக்காய்ச்சல் வரை போகும். படம் எடுக்கும் முன்பு ஊசி வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்தே கடுமையான மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு, ஆசனவாய் குறுகலாக இருந்து, திரிக எலும்பும் அரிவாள் போல ஒரு பக்கம் குறைபட்டிருந்து, அதன் முன்னால் கட்டியும் இருந்தால், மூன்றும் சேர்ந்த அந்த நிலைக்குக் குர்ராரினோ நோய்க்குறி என்று பெயர். 1981-ல் அதை விவரித்த டாக்டரின் பெயர் அது. பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. ஆகவே ஒரு பிள்ளைக்கு இருந்தால் அண்ணன் தம்பி அக்காள் தங்கையையும், பெற்றோரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு வேறொரு பிறவிக் கட்டி உண்டு. விந்துப்பையில் நீர் கட்டிக்கொள்ளும். அதே பக்கத்துச் சிறுநீரகம் பிறவியிலேயே இருக்காது. 1914-ல் இதை எழுதியவர் பெயரால் சின்னர் நோய்க்குறி என்கிறார்கள். மூத்திரம் போகும்போது வலி, பிள்ளை இல்லாத குறை என்று போய்ச் சோதிக்கும்போது வெளிப்படும். பெண் பிள்ளைகளில் சிலருக்கு, கர்ப்பப்பை இரண்டாக இருந்து ஒரு பக்கத்து வழி அடைத்திருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். ஆனாலும் ஒரு பக்கம் இரத்தம் தேங்கி, மாதத்துக்கு மாதம் வலி ஏறிக்கொண்டே போகும். அதற்கும் அதே பக்கத்துச் சிறுநீரகம் இருக்காது. எதற்காகவோ ஸ்கேன் எடுத்து, "உங்களுக்கு ஒரு சிறுநீரகம்தான்" என்று யாராவது சொன்னால், "அப்படியானால் கீழே இடுப்பிலும் பாருங்கள், டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை. பெண்களுக்குச் சாதாரணமாக வருகிற சினைப்பை நீர்க்கட்டி வேறு. அது மிகவும் பரவலானது. அதை இன்னொரு பாடத்தில்தான் எழுத வேண்டும்.

இனி அறுவை சிகிச்சை. பழைய முறையில் இரண்டு வழிகள். ஒன்று, நோயாளியைக் கவிழ்த்துப் படுக்க வைத்து, பிட்டத்தின் நடுவில் கீறி, சில சமயம் வால் எலும்பையும் எடுத்து, பின்பக்கமாக உள்ளே போவது. மற்றொன்று, தொப்புளுக்குக் கீழே வயிற்றை நீளமாகத் திறந்து மேலிருந்து இறங்குவது. இரண்டாவதில் டாக்டருக்கு ஒரு கஷ்டம் உண்டு. இடுப்பு ஒரு புனல் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குறுகிய அடியில், இரண்டு கையும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து நுழைய இடமில்லை. ஆழமான கிணற்றுக்குள் விழுந்த வாளியை மேலே நின்றுகொண்டு தேடுவது போலத்தான்.

சாவித்துவார முறையில் கண்ணையே கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறார்கள். தொப்புள் அருகே ஒரு சென்டிமீட்டர் அளவு துவாரம் போட்டு, கரியமில வாயுவால் வயிற்றை ஊதி இடம் உண்டாக்குவார்கள். அந்தத் துவாரம் வழியாக விளக்கும் கேமராவும் பொருத்திய குழல் உள்ளே போகும். இன்னும் மூன்று நான்கு சிறு துவாரங்கள் வழியாக நீளமான கத்தரி, இடுக்கி எல்லாம் போகும். உள்ளே நடப்பது பெரிதாகத் திரையில் தெரியும். சின்ன நரம்பும் இரத்தக் குழாயும் கண்ணுக்குப் புலப்படும். மலக்குடலை முன்பக்கமாக மெல்ல ஒதுக்கி, எலும்புக்கும் அதற்கும் நடுவில் இறங்கி, கட்டியை உடைக்காமல் சுற்றிலும் பிரித்து, ஒரு பைக்குள் போட்டு வெளியே இழுப்பார்கள். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது.

இந்த முறைக்கு ஆரம்பத்தில் வரவேற்பு இல்லை. ஸ்வீடனில் ஜேக்கபியஸ் என்ற டாக்டர் 1910-லேயே குழல் விட்டு மனித வயிற்றுக்குள் பார்த்தார். ஆனால் பார்ப்பதோடு நிற்காமல், ஜெர்மனியின் கீல் நகரப் பெண் நோய் நிபுணர் குர்ட் செம் 1980-ல் குழல் வழியாகவே குடல்வாலை வெட்டி எடுத்தபோது, அறுவை டாக்டர்கள் அவரைப் பாராட்டவில்லை, திட்டினார்கள். 1985-ல் அதே நாட்டில் எரிக் மியூ பித்தப்பையை எடுத்தார், அவருக்கும் ஏச்சுதான். பத்து வருஷத்தில் உலகமே அவர்கள் வழிக்கு வந்துவிட்டது. இந்தியாவில் 1990-ல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா பித்தப்பைக்கு இதைச் செய்து வழி திறந்தார்.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இன்னொன்று: கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் பழனிவேலு. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் மலேசியாவுக்கு வந்து, இந்த மண்ணில் கூலித் தொழிலாளியாக உழைத்தவர். பிறகு தமிழ்நாடு திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, டாக்டராகி, சாவித்துவார அறுவையில் உலகம் அறிந்த நிபுணரானார். அவரும் அவர் குழுவினரும் 2008-ல் ஒரு மருத்துவ இதழில் நாம் பேசிக்கொண்டிருக்கிற இதே கட்டியைப் பற்றி எழுதினார்கள். மலக்குடலுக்குப் பின்னால் இருந்த தோல்கட்டி, சீழும் பிடித்திருந்தது. உடற்பயிற்சிக்குத் தூக்கும் இரட்டைத் தலைக் குண்டு போல, மேலே ஒரு பருமன், கீழே ஒரு பருமன், நடுவில் இடுப்புச் சிறுத்த வடிவம். மேல் பகுதியைச் சாவித்துவாரம் வழியாகப் பிரித்தார்கள். கீழ்ப் பகுதியை ஆசனவாய் அருகே கீறி அந்தப் பக்கமாக எடுத்தார்கள்.

அந்த ஒரு சம்பவத்திலேயே ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. சாவித்துவாரம் என்பது எல்லாக் கட்டிக்கும் போட்டுத் திறக்கிற ஒரே சாவி அல்ல. கட்டி மேலே இருந்தால் அது நல்ல வழி. மிகவும் கீழே, வால் எலும்பின் நுனியில் இருந்தால் பின்பக்க வழியே சுலபம். இரண்டிலும் பரவியிருந்தால் இரண்டும் வேண்டும். புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் திறந்து செய்வதே மேல் என்று டாக்டர் முடிவு செய்யலாம். துவாரம் போட்டு ஆரம்பித்து, நடுவில் இரத்தம் அதிகமானால் வயிற்றைத் திறக்கவும் நேரிடும். அது தோல்வியல்ல, உயிரைக் காப்பாற்றும் புத்தி. "சின்ன ஓட்டைன்னு சொல்லிட்டு பெருசா கிழிச்சிட்டாங்க" என்று பிறகு சண்டைக்குப் போகாதிருக்க, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் கட்டியை எத்தனை பேருக்கு நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், டாக்டர்? எந்த வழியாக? மலக்குடல் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? மூத்திர நரம்புக்கும் தாம்பத்திய உறவுக்கும் ஆபத்து உண்டா? அந்த நரம்புகள் கட்டிக்குப் பக்கத்திலேதான் ஓடுகின்றன. ஆகவே கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் கெடா மாநிலத்தில் எங்கே போவது? முதல் படி உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்தான். பாலிங், சீக் பக்கத்திலானாலும், பாடாங் செராய், லூனாஸ் தாமான்களிலானாலும் கிளினிக் டாக்டர் கொடுக்கும் கடிதம் வேண்டும். அதைக் கொண்டு சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ கூலிம் மருத்துவமனைக்கோ அறுவைப் பிரிவுக்குப் போகலாம். மாநிலத்தின் தலைமை மருத்துவமனை அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா. இவ்வளவு அபூர்வமான கட்டிக்கு, மலக்குடல் அறுவை நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். தோட்டத்தில் பழைய டிரெசர் இருந்த காலத்தில் அவரே சீட்டு எழுதி லாரியில் ஏற்றிவிடுவார். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பாதிப் பேர் பட்டணத்துத் தாமானுக்கு வந்தாயிற்று. நம் காரியத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குத் தேதி தள்ளிப் போகலாம். தேதி வந்ததும் "இப்போ வலி இல்லையே" என்று போகாமல் விட்டுவிடாதீர்கள். கட்டி போய்விடவில்லை; தூங்குகிறது.

சம்பளம் போய்விடுமே என்ற கவலைக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த 60 நாள் தனிக்கணக்கு, சாதாரண எம்.சி. நாட்களை இதில் கழிக்கக் கூடாது. இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சாவித்துவாரம் என்பதால் சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மருத்துவமனையில் தங்க வேண்டிய அளவு உடல்நலக் குறைவு என்று டாக்டர் சான்றளித்தால், வீட்டில் படுத்திருந்தாலும் சட்டப்படி அது மருத்துவமனை விடுப்பாகவே கருதப்படும். எம்.சி.யில் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். விடுப்பு ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராணி மறுத்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். பிறவிக் கட்டி என்பதால் இது வேலை விபத்து ஆகாது. சொக்சோ விபத்து நட்டஈடு இதற்குக் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு இரண்டொரு நாள் தோள்பட்டையில் வலி வரும். வயிற்றில் கத்தி வைத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவின் வேலை அது, தானே அடங்கும். எழுந்து மெல்ல நடந்தால் சீக்கிரம் போகும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், பப்பாளி, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சியும் கருவாடும் கொடுத்து ஆளை வாட்ட வேண்டாம். காய்ச்சல், வயிறு உப்பி வலி, மூத்திரம் வராமல் நின்றுபோவது, ஆசனவாயில் இரத்தம், இவற்றில் எது வந்தாலும் மறு தேதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே தழும்பு சின்னதாக இருந்தாலும் உள்ளே ஆறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குலை தூக்குவதும் தள்ளுவண்டி தள்ளுவதும் கூடாது. லேசான வேலை கொடுக்கும்படி டாக்டரிடமே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்த கட்டியைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு சில வாரம் கழித்துத்தான் வரும். உடம்பு தேறிவிட்டது என்று அதை வாங்காமல் இருந்துவிடுகிறவர்கள் பலர். மறு தேதியில் போய், கட்டி முழுதாக வந்ததா, சுவரில் புற்றுநோய் அணு ஏதும் இருந்ததா என்று கேளுங்கள். முடிவின் நகல் ஒன்றை வாங்கி, மற்றச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தது என்றால் அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது என்று தேதி குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.